ஸ்கின் கலர் (அத்தியாயம் 14)

காலையில் ஷீலா வீட்டுக்குள் செருப்பில்லாமல் நடந்து காட்டினாள். நொண்டவில்லை. போன வாரப் பயிற்சியில் பிசகிய வலது கணுக்காலில் வீக்கம் ஓரளவு வடிந்திருந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு ஆடலாம், கட்டில்லாமல் ஆடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதில் முதல் பாதிக்காகச் சாராள் ஆண்டவருக்கு நன்றி சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை. சுயம்புலிங்கம் போடியில் தன் ரெடிமேட் கடையைத் திறக்கவில்லை. மூன்று பேரும் தேனி பஸ்ஸில் ஏறினார்கள். மாநில ஜிம்னாஸ்டிக்ஸ் முகாமுக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் போட்டி இந்த முறை தேனியில். மூன்று இடம். போன முறை ஷீலா நான்காவதாக வந்தவள்.

நேரு சிலையில் இறங்கியதும் சுயம்புலிங்கம் எதிர்ப்பக்கமாகத் திரும்பி ஆட்டோவைத் தேடினார். எடமால் தெருவின் முகப்பு கண்ணில் படக்கூடாது. அந்தத் தெருவில்தான் அவருடைய அண்ணன் காமராஜின் கடை.

காரணம் வீரபாண்டித் திருவிழாவில் நடந்தது. ஷீலா கை கால் தெரியும் போட்டி உடுப்பில், பீம் என்கிற ஒடுங்கிய பலகையின் மேல் ஒற்றைக்காலில் நிற்கும் படம் பேப்பரில் வந்திருந்த நேரம். சொந்தபந்தம் மொத்தமும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த பந்தலில் காமராஜ் சொன்னார்: "ஊருக்கே துணி விக்கிற குடும்பம். நம்ம பிள்ளைக்கு மட்டும் துணி பத்தலையோ?"

சுயம்புலிங்கம் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு அப்போதே கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு ஒரு திருவிழா வந்து போய்விட்டது. இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

உள்ளரங்கத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பெற்றோர் தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம். தலைமை நடுவர் சேலத்திலிருந்து வந்தவர். நரைத்த கொண்டை, நீலக் கோட்டு. ஒவ்வொரு பிள்ளையின் முன்னும் நின்று காது, கூந்தல், தோள் என்று பார்த்துக்கொண்டே வந்தார். ஒருத்தியின் தொங்கட்டானைக் கழற்றச் சொன்னார். இன்னொருத்தி தோளில் எட்டிப் பார்த்த நாடாவை விரலால் சுட்டினார். அவள் சிவந்துபோய் உள்ளே தள்ளிக்கொண்டாள்.

ஷீலாவிடம் வந்தார். காதில் பொட்டுத் தோடு. முடி இறுக்கிக் கட்டியிருந்தது. கருநீல உடுப்பு அளவாக இருந்தது. நடுவர் தலையசைத்துக்கொண்டே கீழே பார்த்தார். நின்றார்.

"கட்டு ஸ்கின் கலர்ல இருக்கணும்னு சொல்லியிருந்தோமே."

"ஸ்கின் கலர்தான் மேடம்," என்றாள் பயிற்சியாளர் அனுசுயா. "அவுக அம்மா பாத்துத்தான் வாங்குனாக."

சாராள் கம்பிக்கு மேல் எட்டினாள். "மேடம், நாங்க துணிக்கடைதான் வச்சிருக்கோம். ஸ்கின் கலருன்னா இதுதான்."

நடுவர் அவளைப் பார்த்தார். பிறகு ஷீலாவின் கணுக்காலைப் பார்த்தார்.

"யாரோட ஸ்கின்மா?"

கிண்டலாகக் கேட்டதாகத் தெரியவில்லை.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சாராள் அந்தச் சொல்லைச் சொல்லி விற்றிருக்கிறாள். ஸ்கின் கலர் லெக்கின்ஸ். ஸ்கின் கலர் ஷிம்மி. சந்தனத்தில் கொஞ்சம் ரோஜாவைக் கரைத்தது மாதிரி ஒரு நிறம். போடியிலிருந்து கம்பம்வரைக்கும் அந்த நிறத்தில் ஒரு தோலை அவள் கண்டதில்லை. கேட்டு வாங்கிப் போனவர்களும் கண்டிருக்க மாட்டார்கள். ஒருவரும் ஒரு நாளும் இது யாருடையது என்று கேட்டதில்லை.

ஷீலாவின் காலில் அந்தக் கட்டு சுண்ணாம்பு பூசியது போல இருந்தது. வீட்டில் கட்டும்போது அது ஏன் தெரியவில்லை?

"பாருங்கம்மா," என்றார் நடுவர். "இவ கால நீட்டுறப்ப என் கண்ணு விரல் நுனிக்குப் போகணும். இது இருந்தாக் கட்டுலயே நிக்கும். அதுக்குத்தான் விதி. மார்க்குல பாயிண்ட் த்ரீ எடுக்கணும்."

"மேடம்..."

"இன்னும் எழுதல. இவ குரூப் பீமுக்கு வர்றது கடைசி. அதுக்குள்ள மாத்துங்க. எழுதினப்புறம் நானே நினைச்சாலும் அழிக்க முடியாது."

அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டார்.

பேசாமல் எழுதியிருக்கலாம். எழுதியிருந்தாலும் குற்றமில்லை. சாராள் அந்த நீலக் கோட்டின் முதுகைப் பார்த்து மனசுக்குள் கும்பிட்டாள்.

ஷீலா கம்பியருகே வந்தாள். "விடும்மா. எடுத்தா எடுக்கட்டும். நான் நல்லா ஆடுறேன்."

"போன தடவ மூணாவதுக்கும் உனக்கும் நடுவுல எம்புட்டு இருந்துச்சு?"

ஷீலா குனிந்து கட்டைப் பார்த்தாள். பாயிண்ட் டூ.

"கட்ட அவுக்க வேணாம்," என்றாள் அனுசுயா. "மேல மெல்லிசா ஒரு உறை மாதிரி மாட்டினாப் போதும். லெக்கின்ஸ் துணி சரியா இருக்கும். கால் கலர்ல இருக்கணும், அவ்வளவுதான்."

கேட்டுக்கொண்டே நின்ற சுயம்புலிங்கம் சொன்னார், "டீக்கடையில டிகாஷன் வாங்கிக் கட்ட முக்கி எடுத்தா?"

"ஈரக் கட்டோட பீம்ல ஏறுவாளா?"

"காயப் போடணும்."

"எப்ப? அடுத்த போட்டிக்கா?"

அவர் தாடையைத் தடவினார். "போடிக்குப் போயி நம்ம கடையத் திறந்து..."

"போயிட்டு வர்றதுக்குள்ள இங்கன பெட்டியக் கட்டிட்டுப் போயிருவாக." சாராள் கைப்பையைத் தோளில் மாட்டினாள். "நான் எடமால் தெருவுக்குப் போறேன்."

"தேனியில வேற கடையே இல்லையா?"

"லெக்கின்ஸ்ல அத்தனை கலரும் எங்கண்ணன் கடையிலதான் இருக்குன்னு ஏக்கத்தோட சொல்லுவீகளே."

"ஏக்கமா? எரிச்சல்ல சொன்னது."

"எதுல சொன்னாலும் கலர் இருக்குல்ல."

"நான் வரல."

"உங்கள யாரு கூப்பிட்டா? பிள்ளையப் பாத்துக்கங்க."

ஆட்டோ தெருமுனையில் விட்டது. சாராள் உள்ளே நடந்தாள். கடை திறந்திருக்க வேண்டும், அத்தான் மட்டும் இருக்க வேண்டும் என்று இரண்டு விண்ணப்பம் வைத்துக்கொண்டே போனாள். இரண்டும் கேட்கப்பட்டன. காமராஜ் கல்லாவில் தனியாக உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். கரண்ட் இல்லை.

அவளைப் பார்த்ததும் விசிறி நின்றது.

"அத்தான்," என்றாள்.

வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. வாடிக்கையாளரிடம் கேட்பது போலக் கேட்டார்.

"என்ன வேணும்?"

"ஒரு லெக்கின்ஸ்."

"என்ன கலரு?"

அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. சாராள் அதை விழுங்கினாள். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

"ஷீலா கலரு," என்றாள்.

காமராஜ் விசிறியைக் கீழே வைத்தார். எழுந்து அலமாரிக்குப் போனார். அளவு கேட்கவில்லை. பழுப்பு நிறங்கள் அடுக்கியிருந்த தட்டிலிருந்து ஐந்தாறை உருவிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டார். வலது கையை மேஜைமேல் நீட்டி வைத்தார்.

ஒவ்வொன்றாகத் தன் கையின் மேல் போட்டுப் பார்த்தார்.

"இது புளி. இது சிவப்பு அடிக்கி." எடுத்து வைத்தார். "இது ரொம்பக் கறுப்பு. இம்புட்டு இல்ல."

சாராள் அந்தக் கையையே பார்த்தாள். அவர் நிமிரவில்லை.

"தொட்டில்ல போட்ட அன்னைக்கே எல்லாரும் சொன்னாக, பிள்ளை பெரியப்பன் கலருன்னு. எங்க வீட்டுல வெளுத்துப்போயிப் பிறந்தவன் உம் புருஷன் ஒருத்தன்தான்." இன்னொரு துணியைப் போட்டார். துணி எங்கே முடிகிறது, கை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. "இந்தா. கம்பெனிக்காரன் இதுக்குக் காபின்னு பேரு வச்சிருக்கான். எனக்குக் கருப்பட்டி."

ஷீலாவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். கூப்பிட்டு நாளாகிவிட்டது.

"முழுசு எதுக்கு?" என்றார் திடீரென்று. "கால மூடி ஆடப் போறாளா?"

சாராள் சொன்னாள். கட்டையும், நடுவர் கேட்டதையும், பாயிண்ட் த்ரீயையும் சொன்னாள்.

"ஒரு கட்டுத் துணிக்கா?"

"எல்லாத்துக்கும் அத்தான். தோடு தொங்கக் கூடாது. கையில கயிறு, வளையல் ஆகாது. முடி முகத்துல விழக் கூடாது. உள்ள போட்ட நாடா தெரியக் கூடாது. உடுப்பு இடுப்பெலும்புக்கு மேல ஏறி வெட்டியிருந்தா அதுக்கும் எடுப்பாக. கண்ணாடி மாதிரித் துணி இருந்தா அதுக்கும் எடுப்பாக."

காமராஜ் கத்திரிக்கோலைத் தேடுவதை நிறுத்தினார்.

"வீரபாண்டிக்குக் காப்புக் கட்டுனவனுக்குக்கூட இம்புட்டு நியமம் கிடையாதே."

"கிடையாது அத்தான்."

"நான் அத என்னமோ..."

கத்திரிக்கோல் கிடைத்துவிட்டது. புது லெக்கின்ஸைப் பிரித்து மேஜையில் விரித்தார். கணுக்கால் பக்கத்தில் ஒரு சாண் விட்டு நேராக வெட்டினார். தைக்கத் தேவையில்லை. வெட்டிய துண்டு அப்படியே உறைபோல இருந்தது. இழுத்துப் பார்த்தார். விட்டதும் சுருங்கியது.

புதுத் துணியை அவர் இப்படி வெட்டி இதுவரை சாராள் பார்த்ததில்லை. ஒரு பட்டன் உதிர்ந்த சட்டையைக்கூடத் தூக்கிப் போட மனசு வராத மனிதர்.

"ரொம்ப நன்றி அத்தான்."

"நன்றிய அப்புறம் சொல்லு. உங்க அக்கா சோறு கொண்டாற நேரம். வெரசாக் கிளம்பு."

அக்கா என்றது அவர் மனைவி முத்துமாரியம்மாளை. சாராள் வாசல்படியில் நின்றாள். "அக்காவுக்கு எங்கமேல இன்னும் கோபமா?"

"நான் சொன்ன சொல்லுக்கு உம் புருஷன் கோச்சுக்கிட்டான். சரி. அவ என்ன செஞ்சா? விடியறதுக்கு முந்தியே எந்திரிச்சு உங்க மூணு பேருக்கும் சேத்துச் சமைச்சவ. பரிமாறின சோத்தோட எந்திரிச்சுப் போனீக. நீங்க என்னையத்தான வஞ்சீக. பட்டது அவளுக்கு."

சாராள் இதை நினைத்துப் பார்த்ததே இல்லை.

தெருவில் ஆட்டோ எதுவும் இல்லை. கரண்ட் போன சிக்னலில் வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. காமராஜ் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். திரும்பிப் போய்க் கடை ஷட்டரைப் பாதிக்கு இழுத்துவிட்டு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஏறு."

தம்பி பெண்டாட்டி மூத்தவர் வண்டியில் ஏறுகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. அவர் இருக்கிற கட்டிலில்கூடச் சாராள் உட்கார்ந்தது கிடையாது. தயங்கினாள்.

காமராஜ் நேராகத் தெருவையே பார்த்துக்கொண்டு சொன்னார், "பிள்ளை அங்கன காத்துக்கிட்டிருக்கா."

ஏறிவிட்டாள். பின்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சந்துகளுக்குள் புகுந்து வண்டி போனது. பஜாரில் தெரிந்த முகங்கள் திரும்பின. திரும்பட்டும்.

அரங்கத்து வாசலில் சுயம்புலிங்கம் நின்றிருந்தார். மனைவி வந்திறங்கிய வண்டியைப் பார்த்தார். ஓட்டியவரைப் பார்த்தார். முகத்தில் எதுவும் அசையவில்லை.

"இன்னும் பிரேக் பிடிக்குதா இந்த வண்டி?" என்றார் கடைசியில்.

"உன்ன ஏத்திட்டுப் போறப்பத்தான் பிடிக்காது," என்றார் காமராஜ்.

அவர்கள் அடுத்து என்ன பேசினார்கள் என்று கேட்கச் சாராள் நிற்கவில்லை.

அனுசுயா உறையை வாங்கி ஷீலாவின் காலில் மாட்டினாள். கட்டு மறைந்தது. கணுக்கால் கொஞ்சம் தடித்துத் தெரிந்தது, அவ்வளவுதான். ஷீலா பாதத்தை நீட்டிப் பார்த்தாள்.

"யாரும்மா வெட்டினது?"

"அப்புறம் சொல்றேன். போ."

ஷீலாவின் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் பீமின் முன்னால் நின்று கையை உயர்த்தி வணங்கினாள். தலைமை நடுவரின் பார்வை உச்சியிலிருந்து இறங்கியது. கணுக்காலில் ஒரு நொடி நின்றது. பிறகு மேலே போய்விட்டது. பேனா அசையவில்லை.

சாராள் கம்பியை விட்டாள். உள்ளங்கை முழுக்கத் துருவாக இருந்தது.

ஷீலா ஏறினாள். முதல் திருப்பம் சுத்தமாக வந்தது. அடுத்த தாவலில் வலது கால் பலகையைத் தொட்டபோது முகம் லேசாகச் சுளித்தது. அது அம்மாவுக்குத் தெரியும், நடுவர்களுக்குத் தெரிந்திருக்காது. கைகளை ஊன்றித் தலைகீழாக நின்றாள். இரண்டு காலும் ஒட்டி மேலே நீண்டன. அரங்கத்தில் யாரோ இருமினார்கள். இறங்கும்போது காற்றில் சுழன்று மெத்தையில் விழுந்தாள். ஒரு சின்ன எட்டு பின்னால் வைத்தாள். நின்றுவிட்டாள்.

அப்போதுதான் சாராள் திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசைத் தூண் பக்கத்தில் காமராஜ் நின்றிருந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கழற்றச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"நல்லா ஆடுனாளா?" என்று கேட்டார் அவள் அருகே போனதும்.

"நீங்க பாக்கலையா அத்தான்?"

"கால மட்டும்தான் பாத்தேன். துணி நழுவுதான்னு."

"நழுவுச்சா?"

"ம்ஹூம்." செருப்பை மறு கைக்கு மாற்றினார். "விரல நீட்டுறா பாரு. பூ மாதிரி."

மதியம் தாண்டி முடிவு சொன்னார்கள். முதல் பெயர் மதுரைப் பிள்ளை. இரண்டாவது திண்டுக்கல். மூன்றாவதாக ஜெபஷீலா என்று ஷீலாவின் முழுப்பெயரை வாசித்தார்கள். சுயம்புலிங்கம் மைக்கில் சொன்னது சரியாகக் கேட்காதவர் போல, "யாரு, யாரு?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். அந்த மனிதர் மூன்று தடவை சொல்லவேண்டியிருந்தது.

நான்காவது வந்தவளுக்கும் ஷீலாவுக்கும் நடுவே இருந்தது பாயிண்ட் ஒன். அந்தப் பிள்ளையின் அம்மா பையை மடித்துக்கொண்டிருந்தாள். சாராள் போன முறை அதே மாதிரி மடித்திருக்கிறாள். அவள் தோளைத் தொட்டுவிட்டு நடுவர் மேஜைக்குப் போனாள்.

நடுவர் தயிர்ச் சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், நீங்க சொல்லாம எழுதியிருந்தா..."

"எழுதியிருந்தா எழுதினதுதான்." ஒரு வாய் சாப்பிட்டார். "முகாமுக்கு வர்றப்போ கட்டில்லாம வரச் சொல்லுங்க. கால் முக்கியம்." பிறகு நிமிர்ந்தார். "அந்தத் துணி எங்க கிடைச்சுது? எங்க பிள்ளைங்களுக்கும் வேணும். நான் தேடாத ஊர் இல்ல."

"தேனியிலதான் மேடம். எங்க அத்தான் கடை."

சொல்லும்போது அந்த வார்த்தை வாய்க்கு இனித்தது. எங்க அத்தான் கடை. அவள் சொல்லி எவ்வளவு நாளாயிற்று.

வெளியே வந்தபோது ஷீலா பெரியப்பாவைக் கண்டுவிட்டாள். ஓடாமல், காலைப் பார்த்துப் பார்த்து வைத்து நடந்து வந்தாள். இன்னும் போட்டி உடுப்பிலேயே இருந்தாள். காமராஜ் அவள் முகத்தை மட்டும் பார்த்தார்.

"பெரியப்பா."

"கருப்பட்டி." அவர் பார்வையைப் புங்கமரத்தின் பக்கம் திருப்பினார். "மேல எதாச்சும் போட்டுக்க ஆத்தா. காத்தடிக்கி."

காற்று அடிக்கவில்லை. புங்கமரத்தில் ஒரு இலைகூட ஆடவில்லை. ஷீலா சிரித்துக்கொண்டே அப்பாவின் கையிலிருந்த ஜாக்கெட்டை வாங்கி மாட்டினாள். சுயம்புலிங்கம் அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றார், முகத்தைப் பார்க்காமல்.

காமராஜின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். முகம் மாறியது. நாலடி தள்ளிப் போனார். ஆனாலும் கேட்டது.

"கடையிலதான் இருக்கேன்," என்றார்.

மறுமுனைக் குரல் நாலடிக்கு இந்தப் பக்கம்வரை வந்தது. "அப்படியா? நானும் கடையிலதான் நிக்கேன். நீங்க எந்த மூலையில இருக்கீக?"

சுயம்புலிங்கம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. காமராஜ் போனைக் காதில் வைத்தபடி சிலையாக நின்றார்.

சாராள் போய்க் கையை நீட்டினாள். அவர் கொடுத்துவிட்டார்.

"அக்கா, சாராள் பேசுறேன்."

பஜார் இரைச்சல் மட்டும் கேட்டது.

"அத்தான நாந்தான் இங்கன கூட்டிட்டு வந்தேன். ஷீலாவ எடுத்துட்டாகக்கா. அத்தான் வெட்டிக் குடுத்த துணியாலதான். அவருக்கு நன்றி சொல்லிட்டேன். உங்களுக்குச் சொல்லல."

"எனக்கு எதுக்கு?" குரல் கட்டையாக இருந்தது. "நான் என்ன செஞ்சேன்?"

"சமைச்சீக. வீரபாண்டியில." சாராள் போனை மறு காதுக்கு மாற்றினாள். "சாப்பிடாம வந்துட்டோம். நான் ஒருத்தியாவது உங்ககிட்ட வந்து சொல்லிட்டு வந்திருக்கணும். சொல்லல. இன்னைக்கும் நாங்க யாரும் இன்னும் சாப்பிடலக்கா."

மறுமுனையில் தூக்குவாளி மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. திரும்ப மூடுகிற சத்தம். வைத்துவிட்டாளோ என்று சாராள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

வைக்கவில்லை.

"எத்தன பேரு?" என்றாள் முத்துமாரியம்மாள். "அவனும் வாரானா?"

சாராள் புருஷனைப் பார்த்தாள். அவருக்கும் கேட்டிருந்தது. தோள் குலுங்குவது நின்றுவிட்டது. அண்ணன் முகத்தை நிமிர்ந்து பார்த்துத் தலையசைத்தார்.